ரீபில்ட்ல இருக்க டீமுக்கு எந்தப் பையன எடுக்கலாம்? ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் பாக்கறவங்களுக்கு ஒரு கைடு

ஹாக்கின்னா கோவில்பட்டி ஞாபகம் வர்றவங்க கோச்சுக்காதீங்க, இது ஐஸ் ஹாக்கி, அதுலயும் என்ஹெச்எல், அமெரிக்கா கனடால நடக்கற பெரிய லீக். கலிஃபோர்னியா பே ஏரியால இருக்க நம்ம ஆளுங்க கொஞ்ச பேர் சான் ஹோசே ஷார்க்ஸ் மேட்ச்சுக்கு போக ஆரம்பிச்சாங்க, டீம் ரீபில்ட்ல, அதாவது சின்னப் பசங்கள வெச்சு புதுசா கட்டற வேலைல, தோத்துக்கிட்டே இருந்துச்சு, சரி அடுத்து எந்தப் பையன் வரப்போறான்னு டிராஃப்ட் பக்கம், அதாவது டீமெல்லாம் வரிசை போட்டு சின்னப் பசங்கள எடுத்துக்கற இடத்து பக்கம், எட்டிப் பாத்தாங்க. அப்படி எட்டிப் பாத்ததும் எல்லாரும் பண்றது ரெண்டே வேலைதான், யூடியூப்ல ஹைலைட்ஸ் பாக்கறது, அப்புறம் பாயிண்ட்ஸ் (பையனோட கோலும் அசிஸ்ட்டும் சேந்தது) லிஸ்ட்ட மேல இருந்து கீழ படிக்கறது. இத வெச்சே ஒரு பதினேழு வயசுப் பையனோட தலையெழுத்த எழுதிட்டு, "நம்ம டீம்ல டிஃபன்ஸ் ஓட்டை, அதனால டிஃபன்ஸ்மேன்தான் எடுக்கணும்"னு தீர்ப்பும் சொல்லிடுவாங்க.

எனக்கு இந்த வழில நம்பிக்கை இல்ல. பையன பக் அவன்கிட்ட இல்லாத நேரத்துல பாக்கணும், டீம மூணு வருஷம் தள்ளி நிறுத்தி பாக்கணும், நான் சொல்லப்போறது அவ்வளவும் இதுல இருந்துதான் வருது. பக்குன்னா அந்த கறுப்பு ரப்பர் வட்டு, புதுசா வர்றவங்களுக்காக சொல்றேன்.

அடிப்படைய சட்டுனு முடிச்சிடலாம். 32 டீம், 7 ரவுண்டு, மொத்தம் 224 பிக். பிளேஆஃப் போகாத 16 டீமுக்கு, முதல் பிக் யாருக்குன்னு லாட்டரி. கடைசில வந்தா முதல் பிக் தானா கைக்கு வந்துடும்னு நினைக்காதீங்க, கடைசி டீமுக்கு சான்ஸ் 25.5 சதவீதம்தான். 2024ல ஷார்க்ஸ் லீக் டேபிள்ல 47 பாயிண்ட்டோட கடைசி, லாட்டரியும் அடிச்சுது, மேக்லின் செலப்ரினி வந்தான். 2025ல 52 பாயிண்ட்டோட திரும்பவும் கடைசி, ஆனா 3.5 சதவீத சான்ஸோட பத்தாவது இடத்துல நின்ன நியூயார்க் ஐலண்டர்ஸ் தாவி வந்து முதல் பிக்க தூக்கிட்டு போயிட்டாங்க. அதனால ஒரே ஒரு பேர மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு டிராஃப்டுக்கு தயாராகறது வேஸ்ட், முதல் பத்து பதினைஞ்சு பேரையாவது பாத்து வெச்சுக்கணும்.

முதல்ல பிறந்த தேதி

கோல் எத்தன, உயரம் எத்தனன்னு கேக்கறதுக்கு முன்னாடி பிறந்த தேதிய பாருங்க. டிராஃப்ட் நடக்கற வருஷம் செப்டம்பர் 15க்குள்ள 18 முடிஞ்சிருக்கணும்கறது ரூல். இதனால ஒரே டிராஃப்ட்ல பக்கத்து பக்கத்துல போற ரெண்டு பசங்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம் இருக்கலாம், பதினேழு வயசுல ஒரு வருஷம்கறது உடம்புலயும் சரி மூளைலயும் சரி பெரிய விஷயம். 2025ல ஐலண்டர்ஸ் முதல் பிக்ல எடுத்த மேத்யூ ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. இன்னும் பதினொரு நாள் தள்ளி பிறந்திருந்தா அவன் 2026 டிராஃப்டுக்கு போயிருப்பான். அதே டிராஃப்ட்ல ஏழாவதா பாஸ்டன் எடுத்த ஜேம்ஸ் ஹேகன்ஸ் 2006 நவம்பர், பத்து மாசம் மூத்தவன். இதுக்கு நேர் எதிரா ஆஸ்டன் மேத்யூஸ் இருக்காரு, 1997 செப்டம்பர் 17, ரெண்டே நாள்ல 2015 டிராஃப்ட் கைநழுவி போச்சு, அந்த எக்ஸ்ட்ரா வருஷத்துல ஸ்விட்சர்லாந்து போயி ஜூரிக் டீம்ல பெரிய ஆளுங்களோட ஆடிட்டு 2016ல முதல் பிக்கா போனாரு.

வயசுல மூத்தவன எடுக்கக் கூடாதுன்னு சொல்ல வரல. ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆடினா சின்னவனுக்கு வளர இன்னும் இடம் இருக்கு, அவ்வளவுதான் கணக்கு. பசங்கள பத்தி நோட்ஸ் எழுதற உங்க ஷீட்ல பிறந்த தேதிக்குன்னு ஒரு கட்டம் சேத்தாலே பாதி விவாதம் அடங்கிடும்.

பாயிண்ட்ஸ எப்படி படிக்கறது

டிஎன்பிஎல்ல 400 ரன், ரஞ்சில 400 ரன், ஐபிஎல்ல 400 ரன், மூணும் ஒண்ணான்னு கேட்டா எல்லாரும் சிரிப்போம். ஆனா ஹாக்கில மட்டும் ஓஹெச்எல்ங்கற கனடா ஜூனியர் லீக்ல 100 பாயிண்ட் எடுத்தவன் ஸ்வீடன்ல 25 பாயிண்ட் எடுத்தவன விட நாலு மடங்கு பெரியவன்னு பேசிட்டு போயிடறோம்.

கனடா ஜூனியர்ல மூணு லீக், ஓஹெச்எல், டபிள்யூஹெச்எல், க்யூஎம்ஜேஹெச்எல். அங்க 16ல இருந்து 20 வயசு வரைக்கும் பசங்க ஆடறாங்க, கோல் நிறைய விழும், இடமும் நிறைய கிடைக்கும். அமெரிக்க காலேஜ்ல எதிர்ல நிக்கறவனுக்கு 22, 23 வயசு இருக்கும், தோளால இடிச்சா தெரியும். ஸ்வீடன் ஃபின்லாந்துல பெரியவங்க லீக்ல ஆடற 17 வயசுப் பையன் பாதி நாள் நாலாவது லைன்ல (லைன்னா சேந்து இறங்கற மூணு ஃபார்வர்டு) எட்டு நிமிஷம்தான் ஐஸ்ல இருப்பான், அவனுக்கு பாயிண்ட் எங்க இருந்து வரும்? 2025ல சிகாகோ மூணாவதா எடுத்த ஆன்டன் ஃப்ரான்டெல் ஸ்வீடன் ரெண்டாம் டிவிஷன்ல 29 ஆட்டத்துல 25 பாயிண்ட். அதே டிராஃப்ட்ல ரெண்டாவதா ஷார்க்ஸ் எடுத்த மைக்கேல் மீசா ஓஹெச்எல்ல சாகினா டீமுக்கு 65 ஆட்டத்துல 62 கோல், மொத்தம் 134 பாயிண்ட். நம்பர மட்டும் பாத்தா ரெண்டு பேரும் வேற வேற கிரகம், ஆனா பிக்கு நடுவுல இடைவெளி ஒண்ணே ஒண்ணு.

லீக்குக்கு ஏத்த மாதிரி பாயிண்ட்ட மாத்தி கணக்கு போட ஃபார்முலா எல்லாம் இருக்கு, ஆன்லைன்ல தேடினா கிடைக்கும், யூஸ் பண்ணுங்க. ஆனா அதுக்கு முன்னாடி பாயிண்ட்ட உடைச்சு பாருங்க. எத்தன பாயிண்ட் அஞ்சுக்கு அஞ்சு ஆடறப்ப வந்துச்சு, எத்தன பவர்பிளேல, அதாவது எதிர் டீம் ஆள் தண்டனைல வெளிய உக்காந்திருக்கறப்ப, வந்துச்சு? ஒரு கோலுக்கு ரெண்டு பேருக்கு அசிஸ்ட் குடுப்பாங்க, இவன் கடைசி பாஸ் குடுத்தவனா, இல்ல அதுக்கு முன்னாடி சும்மா தட்டி விட்டவனா? இவன் லைன்ல கூட ஆடறவன் யாரு, ஏற்கனவே டிராஃப்ட் ஆன 19 வயசு ஸ்டார் பக்கத்துல நின்னு பாயிண்ட் அள்ளறானா, இல்ல தோக்கற டீம்ல ஒத்த ஆளா இழுத்துட்டு போறானா? கடைசி கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

நம்பரே இல்லாமலும் முடிவு எடுக்க வேண்டி வரும். ஷேஃபர் டிராஃப்ட் வருஷத்துல எரி ஆட்டர்ஸுக்கு ஆடினது வெறும் 17 மேட்ச். 2024 டிசம்பர்ல உலக ஜூனியர் போட்டில கழுத்தெலும்பு உடைஞ்சு சீசனே முடிஞ்சு போச்சு. அப்படி இருந்தும் அவன்தான் முதல் பிக். அந்த 17 மேட்ச்ல அவன் ஸ்கேட் பண்ண விதத்த பாத்தவங்களுக்கு மிச்ச மேட்ச் தேவைப்படல. லீக் சின்னதா இருந்தா இன்னும் மோசம், கேல் மக்கார் டிராஃப்டுக்கு முன்னாடி ஆடினது ஆல்பர்ட்டால ஒரு ரெண்டாம் தட்டு ஜூனியர் லீக்ல, அந்த நம்பர யாரு நம்புவா? 2017ல கொலராடோ நாலாவதா எடுத்தாங்க. அந்த டிராஃப்ட்ட இன்னைக்கு திரும்ப நடத்தினா அவர முதல்ல எடுக்காத டீம் இருக்காது.

கண்ணால பாக்கறது

ஹைலைட்ஸ மூடுங்க. முழு மேட்ச் போடுங்க, ஒரு பீரியடுக்கு (மேட்ச்சுல மூணு பீரியடு) ஒரே ஒரு பையன். கேமரா பக் பின்னாடி ஓடும், நீங்க ஓடாதீங்க, உங்காளு எங்க நிக்கறான்னு மட்டும் பாருங்க. முதல் பத்து நிமிஷம் போர் அடிக்கும், அப்புறம் கண்ணு பழகிடும்.

நான் டிஃபன்ஸ் பசங்கள பாக்கறப்ப ஒரே ஒரு சீனுக்காக காத்துக்கிட்டு இருப்பேன். எதிர் டீம் அந்த ரப்பர் வட்ட நம்ம மூலைக்கு தள்ளி விட்டுடுது, இவன் முதுக காட்டிக்கிட்டு அத எடுக்க போறான், பின்னாடி ஒருத்தன் முழு வேகத்துல துரத்தி வர்றான். இவனுக்கு இருக்கறது மிஞ்சிப் போனா ரெண்டு செகண்டு. இங்க தலைய பாருங்க, பக்க பாக்காதீங்க. நல்ல பையன் பக்க தொடறதுக்கு முன்னாடியே ஒரு தோள் மேல திரும்பி பாத்துடுவான், போற வழில இன்னொரு தோள் மேலயும் ஒருவாட்டி. பக்க தொடறப்ப அவனுக்கு துரத்தறவன் எந்தப் பக்கம் வர்றான், தன்னோட ஜோடி எங்க நிக்கறான், நடுவுல ஆடற ஃபார்வர்டு, அதாவது சென்டர், இறங்கி வந்துட்டானா எல்லாம் தெரியும். இடுப்ப ஒரு பக்கம் காட்டிட்டு இன்னொரு பக்கம் திரும்பி ஒரே பாஸ்ல நடுவுல குடுத்துட்டு போயிடுவான். ஹைலைட்ஸ்ல இது வரவே வராது, ஏன்னா ஒண்ணுமே நடக்கல மாதிரி இருக்கும். திரும்பி பாக்காத பையன் என்ன பண்ணுவான்னா, பக்க தொட்டதுக்கப்புறம்தான் யோசிக்க ஆரம்பிப்பான், அதுக்குள்ள முதுகுல இடி விழும், இல்லன்னா பயத்துல கண்ணாடிய ஒட்டி சும்மா தூக்கி அடிப்பான், பக் நேரா எதிராளி கைல. ஜூனியர்ல அவன் வேகத்த வெச்சு தப்பிச்சிடலாம், என்ஹெச்எல்ல அந்த ரெண்டு செகண்டு ஒரு செகண்டு ஆகிடும்.

முன்னால ஆடறவங்களுக்கும் இதே தலை டெஸ்ட்தான். பாஸ் வாங்கறதுக்கு முன்னாடி பாக்கறானா, வாங்கினதுக்கப்புறம் பாக்கறானா? பக் போனதும் நின்னுட்டு கைய விரிக்கறானா, உடனே திரும்பி ஓடறானா? நாலு பேர கட் அடிச்சு ஒத்தையா கோல் போடற வீடியோ லட்சம் வியூ போகும், ஆனா அந்த நாலு பேரும் ஜூனியர் டிஃபன்ஸ், குச்சிய நீட்டிக்கிட்டு நிக்கறவங்க, அதே வித்தைய பெரிய லீக்ல பண்ணா முதல் ஆளே நெஞ்சோட நெஞ்சு வந்து நிறுத்திடுவான். நெருக்கடியான இடத்துல, போர்டு ஓரத்துல, ரெண்டு பேர் அமுக்கறப்ப பக்க காப்பாத்தி ஒரு சின்ன பாஸ் குடுக்கறானான்னு பாருங்க. அதுதான் மேல போனாலும் கூட வர்ற திறமை.

ஸ்கேட்டிங் பத்தி ஒரு வார்த்த. நேர் கோட்டுல மெதுவா இருந்தா எல்லாரும் பயப்படறாங்க, நான் அதுக்கு கொஞ்சமாதான் பயப்படுவேன். கால் பலம், ஓட்டத்தோட ஸ்டைல் எல்லாம் பயிற்சில ஓரளவு சரியாகும். தம்பா டீம் 2014ல பிரேடன் பாயிண்ட்னு ஒரு பையன 79வது பிக்ல எடுத்தப்ப உயரம் கம்மி, ஸ்கேட்டிங் சுமார்னுதான் பேச்சு, பார்ப் அண்டர்ஹில்னு பழைய ஃபிகர் ஸ்கேட்டிங் உலக சாம்பியன், அவங்கதான் அப்ப தம்பாவுக்கு ஸ்கேட்டிங் கோச், அவங்ககிட்ட உழைச்சு உழைச்சு இன்னைக்கு அந்த ஆளோட வேகத்த பாத்து பசங்க கத்துக்கறாங்க. ஜேசன் ராபர்ட்சனும் ஸ்கேட்டிங்காலதான் 2017ல 39வது பிக் வரைக்கும் இறங்கினாரு, டல்லாஸுக்கு ஒரு சீசன்ல நூறு பாயிண்ட்ட தாண்டிட்டாரு. ரெண்டு பேருக்கும் தலை முன்னாடியே இருந்துச்சு, கால் பின்னாடி வந்துச்சு. தலை பின்னாடி வந்த கதை நான் அதிகம் பாத்ததில்ல.

உயரம்? உயரத்துக்கு தனி மார்க் போடாதீங்க, அந்த உயரத்த வெச்சு என்ன பண்றான்னு பாருங்க. லேன் ஹட்சன் அஞ்சடி ஒம்போது அங்குலம், டிஃபன்ஸ்மேன், 2022ல 62வது பிக் வரைக்கும் யாரும் தொடல. 2024-25ல மான்ட்ரியலுக்கு 66 பாயிண்ட் எடுத்து சிறந்த புதுமுகம்னு கால்டர் ட்ராஃபி வாங்கிட்டான்.

நோட்ஸ் எழுதறப்ப மூணு மேட்ச் பாக்கறதுக்கு முன்னாடி மார்க் போடாதீங்க, அதுல ஒண்ணாவது அவன் டீம் மோசமா தோத்த மேட்ச்சா இருக்கட்டும். மார்க்கையும் ரெண்டா பிரிங்க, எல்லாம் சரியா அமைஞ்சா இவன் எந்த இடத்துல ஆடுவான்னு ஒண்ணு, அது நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு ஒண்ணு. முதல் லைன் ஆகலாம் ஆனா பத்துல ரெண்டுதான் வாய்ப்புங்கறவனையும், மூணாவது லைன் நிச்சயம்ங்கறவனையும் ஒரே நம்பர்ல அடைச்சா குழப்பம்தான் மிஞ்சும். ரீபில்ட் டீம்னா முதல் ரகத்துக்கு கொஞ்சம் சாய்வா இருக்கலாம், மூணாவது லைன் ஆளுங்க, கான்ட்ராக்ட் முடிஞ்சவங்களுக்கு ஜூலை 1ஆம் தேதி திறக்கற மார்க்கெட்ல காசு குடுத்தா கிடைப்பாங்க.

இப்ப டீம்

ஒரு பேப்பர்ல நாலு லைன், மூணு ஜோடி டிஃபன்ஸ், ரெண்டு கோலி (கோல்கீப்பர்) எழுதுங்க. இன்னைக்கு ஆடறவங்கள எழுதாதீங்க, மூணு வருஷம் கழிச்சு யாருக்கு என்ன வயசு, யாரு கான்ட்ராக்ட் எப்ப முடியுதுன்னு பாத்து எழுதுங்க. டிஃபன்ஸ்மேன் பேருக்கு பக்கத்துல இடது கையா வலது கையான்னு கண்டிப்பா குறிங்க, பொதுவா இடது கை ஆள் இடது பக்கமும் வலது கை ஆள் வலது பக்கமும் ஆடுவாங்க.

ஷார்க்ஸ வெச்சே போட்டுப் பாக்கலாம், 2025 கோடைக்கால நிலவரம். சென்டர்ல செலப்ரினி, மீசா. காலேஜ்ல 41 ஆட்டத்துல 71 பாயிண்ட் அடிச்சுட்டு வந்த வில் ஸ்மித்தும் சென்டரா வந்தவன்தான், பெரிய லீக்ல விங்குக்கு, அதாவது ஓரத்துக்கு, மாறிட்டான். விங்ல வில்லியம் எக்லண்ட் இருக்கான், பின்னாடி இகோர் செர்னிஷோவ், குவென்டின் மஸ்டினு வரிசை. கோலில யாரோஸ்லாவ் அஸ்காரோவ், அவனுக்கு பின்னாடி 2025ல 30வதா எடுத்த ஜோஷுவா ரேவன்ஸ்பர்கன். டிஃபன்ஸ்க்கு வாங்க. சாம் டிக்கின்சன் இடது, முகமதுல்லின் இடது, காக்னோனி இடது, ஃபெராரோவும் இடது. வலது பக்கம் எழுத ஆரம்பிச்சா பேனா நின்னுடும். லில்யக்ரென் இருக்காரு, அப்புறம் ஒரு வருஷத்துக்கு வந்த க்ளிங்பர்க் மாதிரி ஆளுங்க, சொந்தமா வளந்து வர்ற பெரிய பேர் ஒண்ணு கூட இல்ல. "டிஃபன்ஸ் வீக்கு"ங்கறது சும்மா பேச்சு, ஓட்டை குறிப்பா வலது பக்கம்தான் இருக்குன்னு இந்த பேப்பர் காட்டிடும்.

அப்ப மீசாவ விட்டுட்டு ஒரு வலது கை டிஃபன்ஸ்மேன எடுத்திருக்கணுமா? கூடவே கூடாது. முதல் பத்து பிக்ல டீம் தேவைய பாத்து எடுத்தவங்க கதைய பாருங்க. 2018ல மான்ட்ரியலுக்கு சென்டர் இல்லங்கறது ஊருக்கே தெரியும், மூணாவது பிக்ல சென்டர் கோட்கனியெமிய எடுத்தாங்க. அடுத்த பிக்ல ஆட்டவா பிராடி கச்சக்க எடுத்துச்சு, ஏழாவதா வான்கூவர் க்வின் ஹியூஸ எடுத்துச்சு, ஹியூஸ் 2024ல லீக்லயே சிறந்த டிஃபன்ஸ்மேன்னு நாரிஸ் ட்ராஃபி வாங்கிட்டாரு. கோட்கனியெமி 2021ல கரோலைனா போட்ட ஆஃபர் ஷீட்ல (வேற டீம் ஆளுக்கு நேரா நீட்டற கான்ட்ராக்ட்) போயிட்டாரு, மான்ட்ரியல் திரும்ப சென்டர் தேட ஆரம்பிச்சுது. 2012 இன்னும் கூத்து, முதல் பத்துல எட்டு பேர் டிஃபன்ஸ்மேன், ஃபார்வர்டு ஃபிலிப் ஃபோர்ஸ்பர்க் 11 வரைக்கும் இறங்கினாரு. அந்த எட்டுல ரைலி, ட்ரூபா, லிண்ட்ஹோம்னு நல்ல ஆளுங்களும் இருக்காங்க, ஆனா எட்டு பேரும் அந்த இடத்துக்கு தகுதியான்னு கேட்டா எந்த டீமும் தலைய குனிஞ்சுக்கும்.

இதுக்கு எதிர் பக்கமும் இருக்கு, அதையும் சொல்லணும். எட்மன்டன் 2010, 2011, 2012னு தொடர்ந்து மூணு வருஷம் முதல் பிக். ஹால், நியூஜென்ட் ஹாப்கின்ஸ், யாகுபோவ், மூணும் ஃபார்வர்டு. டிஃபன்ஸ் காலியாவே கிடந்துச்சு, பிளேஆஃப் எட்டிப் பாக்கவே 2017 ஆச்சு, அதுவும் 2015ல மெக்டேவிட் வந்ததுக்கப்புறம். கடைசில 2016ல டெய்லர் ஹால நியூஜெர்ஸிக்கு குடுத்து ஒருத்தனுக்கு ஒருத்தனா டிஃபன்ஸ்மேன் ஆடம் லார்சன வாங்கினாங்க, ஹால் ரெண்டு வருஷத்துல அங்க போயி எம்விபி, லீக்லயே சிறந்த ஆட்டக்காரர். தேவைய கண்டுக்காமலே இருந்தா கடைசில அவசரத்துல இப்படித்தான் விலை குடுக்க வேண்டி வரும்.

அதனால நான் வெச்சிருக்க முறை, முதல் பத்து பிக்ல இருக்கறதுலயே பெரிய திறமை யாரோ அவன், எந்த பொசிஷனா இருந்தாலும் சரி. ரெண்டு பேர் கிட்டத்தட்ட சமம்னா மட்டும் சென்டருக்கோ டிஃபன்ஸுக்கோ சாயலாம், ஏன்னா சென்டர் விங்குக்கு மாறலாம், விங் சென்டர் ஆகறது அபூர்வம். 11ல இருந்து 40 வரைக்கும் பேப்பர எடுத்து வெச்சுக்கிட்டு ஓட்டைய கொஞ்சம் யோசிக்கலாம். ஷார்க்ஸ் 2024ல 14வது பிக்கையும் 42வது பிக்கையும் பஃபலோவுக்கு குடுத்து 11க்கு ஏறி டிக்கின்சன எடுத்தது இந்த ரகம், டிஃபன்ஸும் தேவை, அந்த இடத்துல அவன் திறமையும் கீழ இல்ல. மிச்ச ஓட்டைய டிரேடுல அடைக்கணும்.

டிரேடுன்னதும் ஜேக் வால்மன் விஷயத்த சொல்லாம இருக்க முடியல. 2024 ஜூன்ல டெட்ராய்ட் சம்பளக் கணக்க குறைக்கறதுக்காக அவர ஷார்க்ஸுக்கு தள்ளிச்சு, கூடவே ஒரு ரெண்டாம் ரவுண்டு பிக்கையும் குடுத்துச்சு, ஷார்க்ஸ் பதிலுக்கு குடுத்தது ஒண்ணுமில்ல. முதல் ஜோடில நிறைய நிமிஷம் ஆட விட்டாங்க, 2025 மார்ச்ல எட்மன்டனுக்கு வித்து ஒரு முதல் ரவுண்டு பிக் வாங்கினாங்க. ரீபில்ட் டீமுக்கு ஐஸ்ல இடமும் இருக்கு, ஒரு டீம் மொத்தமா குடுக்கற சம்பளத்துக்கு லீக் போட்ட வரம்புலயும் இடம் இருக்கு, மத்த டீம்கிட்ட இல்லாத சரக்கே அதுதான். உங்க தேவை லிஸ்ட்ல "யாரோட மோசமான கான்ட்ராக்ட்ட வாங்கி என்ன கறக்கலாம்"னு ஒரு வரி கண்டிப்பா இருக்கணும்.

காலண்டர்

இத யாரும் பாக்க மாட்டாங்க, ஆனா இதுலதான் ரீபில்ட் ஜெயிக்கறதும் தோக்கறதும். 18 வயசுல கையெழுத்து போடற பையனுக்கு முதல் கான்ட்ராக்ட் மூணு வருஷம், சம்பளத்துக்கு உச்சவரம்பு, 2024 டிராஃப்ட் பசங்களுக்கு அடிப்படை சம்பளம் வருஷத்துக்கு அதிகபட்சம் 9,75,000 டாலர். செலப்ரினி 2024-25ல 70 ஆட்டத்துல 63 பாயிண்ட் எடுத்தான், அந்த ரேஞ்ச் ஆட்டத்துக்கு மார்க்கெட்ல எட்டு பத்து மில்லியன் கேப்பாங்க. அந்த மலிவு காலம்தான் மத்த ஓட்டைய அடைக்க காசு தருது. செலப்ரினிக்கும் ஸ்மித்துக்கும் முதல் கான்ட்ராக்ட் 2027ல ஒண்ணா முடியற மாதிரி போட்டது. மொத்த சம்பள வரம்பு 2025-26ல 95.5 மில்லியன், அடுத்த வருஷம் 104, அதுக்கடுத்த வருஷம் 113.5னு ஏறுது, கொஞ்சம் மூச்சு விடலாம், ஆனாலும் 2027க்கு முன்னாடியே பெரிய வலது கை டிஃபன்ஸ்மேன் யாருன்னு முடிவு பண்ணிடணும்.

அவசரப்பட்டு மேல கொண்டு வர்றதும் கூடாது. 18, 19 வயசுல பத்து மேட்ச்சுக்கு கம்மியா ஆடினா கான்ட்ராக்ட் ஒரு வருஷம் தள்ளிப் போகும், அதனாலதான் ஒம்போதாவது மேட்ச் வந்தா எல்லாரும் விரல் விட்டு எண்ணுவாங்க. கனடா ஜூனியர்ல இருந்து வந்த பதினெட்டு வயசுப் பையன என்ஹெச்எல்லுக்கு அடுத்த தட்டு லீக்கான ஏஹெச்எல்லுக்கு அனுப்ப முடியாது, ஒண்ணு மேல ஆடணும், இல்ல திரும்ப ஜூனியர் போகணும். 2025 ஆகஸ்ட்ல இருந்து அங்க ஆடினவங்களும் அமெரிக்க காலேஜுக்கு போகலாம்னு ரூல் மாறினது இந்தப் பசங்களுக்கு பெரிய விடுதலை, கேவின் மெக்கென்னாங்கற பையன் மெடிசின் ஹாட் ஜூனியர் டீம விட்டுட்டு பென் ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு போனது அதனாலதான். வில் ஸ்மித்த ஷார்க்ஸ் முதல் சீசன்ல எப்படி வளத்தாங்கன்னு பாருங்க, அடுத்தடுத்த நாள் மேட்ச் வந்தா ஆரம்பத்துல ஒண்ணுல உக்கார வெச்சுட்டு ஜிம்முக்கு அனுப்பினாங்க. டிவி முன்னாடி உக்காந்து நாம எல்லாம் திட்டினோம், ஆனா சீசன் கடைசில அவன் கால்ல வித்தியாசம் தெரிஞ்சுது, 74 ஆட்டத்துல 45 பாயிண்ட்.

எல்லாம் சின்னப் பசங்களா நிரப்பினாலும் ஆகாது. பஃபலோ 2011க்கு அப்புறம் 14 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் பாக்கல, நடுவுல ஐக்கல், டாலின், பவர்னு உச்ச பிக் எல்லாம் வந்தும். இருபது வயசுப் பையன் தப்பு பண்ணா பக்கத்துல ஒரு முப்பது வயசு ஆள் அத அடைக்கணும், அதுக்குத்தான் டோஃபோலி, ஆர்லோவ் மாதிரி ஆளுங்களுக்கு ஷார்க்ஸ் காசு குடுக்கறது. அவங்க பாயிண்ட் எத்தனன்னு பாக்காதீங்க, அவங்க கூட ஆடற பையனோட ஆட்டம் எப்படி இருக்குன்னு பாருங்க.

கோலிய இந்தக் கணக்குல எதுலயும் சேக்காதீங்க, அது தனி க்யூ. ஹெல்லபக் 130வது, ஷெஸ்டர்கின் 118வது, லுண்ட்க்விஸ்ட் 205வது. நாலஞ்சு வருஷம் பொறுத்தாதான் யாருன்னே தெரியும். வருஷத்துக்கு ஒருத்தன எடுத்து போட்டுட்டு மறந்துடறதுதான் நல்லது.

ஷீட்ட வருஷத்துக்கு ரெண்டு தடவ திருத்துங்க, ஒண்ணு டிராஃப்ட் முடிஞ்சதும், இன்னொண்ணு ஜனவரில. டிசம்பர் 26ல ஆரம்பிக்கற உலக ஜூனியர் போட்டி முடிஞ்ச கையோட மட்டும் திருத்தாதீங்க, பத்து நாள்ல ஏழு மேட்ச், அதுல ஒருத்தன் நாலு கோல் போட்டா ஊரே அவன தலைல தூக்கி வெச்சுக்கும், ரெண்டு வாரம் கழிச்சு அவன் சொந்த லீக்ல என்ன பண்றான்னு பாத்துட்டு பேனாவ எடுங்க. டிராஃப்ட் ஆகி ரெண்டாவது வருஷமும் அதே லீக்ல அதே நம்பர்னா கவலைப்படலாம், முதல் வருஷத்துக்கு ஓவரா பதற வேண்டாம்.

பே ஏரியால இருக்கவங்களுக்கு ஒண்ணு, ஷார்க்ஸோட ஏஹெச்எல் டீம் பாரகூடா சான் ஹோசேலயே டெக் சியூ அரீனால ஆடறாங்க, நாலாயிரத்து சொச்சம் பேர் உக்கார்ற சின்ன இடம், டிக்கெட்டும் பெரிய டீம விட ரொம்பவே கம்மி. கண்ணாடி ஓரமா சீட் எடுக்காதீங்க, கோலுக்கு பின்னாடி மேல் வரிசைல எடுங்க. அஞ்சு பேரும் எப்படி விரியறாங்க, யாரு திரும்பி பாக்கறாங்க, யாரு பக் போனதும் நின்னுடறாங்க எல்லாம் அங்க இருந்துதான் தெளிவா தெரியும். கைல ஒரு பேனா, ஒரு பேர், ஒரு பீரியடு.